உப்பில் விழுந்த உயிர்

எருவை உள்ளங்கையில் வைத்துப் பொடித்து மூக்கருகே கொண்டுபோகிறாள் என் நாத்தனார். சூடு இல்லை, வாடை இல்லை என்று தெரிந்தபின்தான் கூடையில் போடுவாள். பாதி மக்கிய எரு வேரைச் சுட்டுவிடுமோ என்று பயம். சந்தேகம் வந்தால் என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். "அண்ணி, மோந்து பாருங்க, எனக்கு ஜலதோஷம்." வருஷம் முழுக்க அவளுக்கு ஜலதோஷம்தான்.

அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிற சுபாவம்.

போன வருஷம் அவள் வீட்டில் சிவப்புப் பருப்புச் செடிக்கு வெறும் உப்பாகவே போட்டார்கள். கடை உரத்தை நாங்கள் உப்பு என்றுதான் சொல்வோம். செடி இலையாகத் தழைத்தது, காய் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர், "இந்தத் தடவையும் இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பாதி எரு, பாதி உப்பு என்று இவள் முடிவு செய்தாள். அவளாக எடுத்த முதல் முடிவு.

விதைக்குப் பூசக் கடைக்காரர் ஒரு பொட்டலமும் கொடுத்தார். கறுப்புப் பொடி. "இதுல உயிர் இருக்கும்மா. வேர்ல முடிச்சு முடிச்சா உக்காந்து செடிக்குச் சோறு போடும்" என்றாராம். வெல்லத் தண்ணீரில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தினாள். அதுவரை சரி. விதைக்கிற அன்று உப்பையும் அதே சட்டியில் கொட்டிக் கிளறிவிட்டாள். "எல்லாம் ஒரே மண்ணுக்குத்தானே அண்ணி போகுது!"

பத்து நாள் கழித்துக் கடைக்காரர் தலையில் கை வைத்தார். "உப்போட கலந்தீங்களா? அதுங்க செத்துப்போயிருக்குமே!"

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கா" என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்தார். நான் சிரிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் தினமும் கைகூப்பிப் பேசுகிறவள் நான்.

விதைத்த இருபத்தைந்தாம் நாள் செடி வெளிறத் தொடங்கியது. "வேரைப் பாத்துடலாம்மா" என்றேன்.

"வேணாம் அண்ணி. பாக்காத வரைக்கும் அதுங்க உயிரோட இருக்கும்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முதல் செடியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினோம். வேர் வெறும் நூலாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. அவள் உதடு வெளுத்துவிட்டது. நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். மூன்றாவதில் கடுகளவு ஒரே ஒரு முடிச்சு.

கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவந்திருந்தால் உயிர் இருக்கிறது, வெளுத்திருந்தால் இல்லை. "கீறும்மா" என்றேன். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

பிறகு நகத்தை எடுத்துக்கொண்டாள். பிடுங்கிய குழியிலேயே அந்தச் செடியை இறக்கி, இரண்டு கையாலும் மண்ணை அணைத்தாள்.