எண்ணெய்க் கை

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆனால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். சுவீடனில் ஒரு சிறு நகரத்தில் இருக்கும் இந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது. காலையில் வந்து எது காலியோ அதில் உட்கார வேண்டும். வாரக் கடைசியில் ஈரக் காகிதம் நிறைந்த டப்பா ஒன்று கைக்குக் கை மாறும். மேசை, நாற்காலிக் கைப்பிடி, அவரவர் லேப்டாப், எல்லாவற்றையும் துடைப்பார்கள். எழுத்துக் கட்டைகளின் இடுக்கில் காற்றை ஊதித் தூசி எடுப்பார்கள். அதன்பிறகுதான் ஃபீகா, அதாவது காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும். வந்த புதிதில் இந்தக் காட்சி எனக்கு மிகவும் பழகியதாகவும், எங்கோ ஒரு படி குறைந்ததாகவும் தோன்றியது. என்ன குறைகிறது என்று விளங்கச் சில வாரங்கள் ஆயின. இவர்கள் துடைத்துவிட்டு அப்படியே எழுந்து போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் துடைப்பது பொட்டு வைப்பதற்காக. நிலைப்படியோ, தண்ணீர்க் குடமோ, சைக்கிளோ, துடைத்த பொருளில் சந்தனமும் குங்குமமும் ஏறினால்தான் துடைத்த வேலை முடிந்ததாகக் கணக்கு.

நான் மேலகரத்துக்காரன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைப்பதற்குள் வந்துவிடும். அப்பா குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் மாதங்களில் அந்த வேலை, மற்ற மாதங்களில் வயல்கூலி. பள்ளிக்கூடம் போனதில்லை. ரேஷன் கடையில் விரல்ரேகை வைக்கும் கருவி வந்தபிறகு அவர் விரலை அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது. ஊரார் முதுகைத் தேய்த்துத் தேய்த்து அவர் ரேகை மழுங்கிப் போயிருந்தது. பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே விலகி, அம்மாவை முன்னால் விடுவார்.

பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் படிப்புச் சாமான். அதன் மூடிமேல் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளை அம்மா கடைசிவரை உரிக்க விடவில்லை. சாரல் காலத்தில் எங்கள் பக்கம் செருப்பு, பெல்ட், சாமி படம் எல்லாம் பூசணம் பூக்கும். ஆகவே ஆனி பிறந்ததும் லேப்டாப்பைத் தலையணை உறைக்குள் போட்டு அரிசி டிரம்முக்குள் வைத்துவிடுவாள். நான் படிக்க வேண்டுமென்றால் அரிசிக்குள் கைவிட்டு எடுக்க வேண்டும். அதற்கென்றே புதிதாக வாங்கிய ஒரு பெயிண்ட் பிரஷ் சாமி அலமாரியில் இருந்தது. எழுத்துகளின் இடுக்கை அதனால்தான் தட்டிவிடுவாள். தங்கை முறுக்கோடு பக்கத்தில் வந்தால் ஏச்சு விழும். ஆயுத பூஜையன்று வேட்டித் துணியால் ஒருமுறை துடைத்து, மூடியின் மூலையில் மோதிர விரலால் சந்தனமும் குங்குமமும் வைப்பாள்.

அப்பா மட்டும் அதைத் தொட்டதே இல்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. எத்தனை சீயக்காய் போட்டுக் கழுவினாலும் அந்த மூலிகை எண்ணெய் அவர் கையை விட்டுப் போகாது. வீட்டுக் கதவை முழங்கையால்தான் தள்ளுவார். என் பரீட்சை முடிவு வந்த அன்று, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டித் திரையைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒருநாள் அருவிக்கரையில் அவரோடு வேலை பார்க்கும் சுடலை அண்ணாச்சி, என்னை வைத்துக்கொண்டே அவரைச் சீண்டினார்.

“ஏ, ஒம் மவன் கம்ப்யூட்டரு மெதுவா ஓடுதாம்லா. இங்கன தூக்கிட்டு வரச் சொல்லும். நாலு தேய்ப்புத் தேச்சு அருவியில காட்டினா சரியாப் போவும்.”

“அது படிக்குத சாமான் ஓய். ஒம்ம முதுகுன்னு நெனச்சீரா?” என்றார் அப்பா.

கடைசியாக நான் லீவில் ஊருக்குப் போனது ஆனி மாதத்தில். அலுவலக லேப்டாப்பையும் கொண்டு போயிருந்தேன். ஒரு மத்தியானம் ஜன்னலோரம் வேலை பார்த்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது லேப்டாப் மூடப்பட்டு, அறையின் மறுமூலையில், அரிசி டிரம்மின் மேல் இருந்தது. சாரல் அடித்துப் பாயெல்லாம் நனைந்திருந்தது. அப்பா வாசற்படி அருகே நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

“சாரலு உள்ள வந்துட்டுய்யா. ஒன்னய எழுப்பவும் மனசில்ல. அம்மையும் கடைக்குப் போயிட்டா. அதான் தொட்டுட்டேன். தொடச்சிரு.”

“அதுக்கென்னப்பா, தொடச்சிக்கிடலாம்” என்றேன்.

சாம்பல் நிற மூடியின் மேல் அவர் வலக்கை முழுசாக விழுந்திருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும். சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும், அதுவும் அப்படியே. கிளம்புகிற அவசரத்தில் துடைக்க மறந்துபோனது. இங்கே வந்து பையைத் திறந்தேன். நல்லெண்ணெயும் கற்பூரமும் கலந்த வாடை இந்தக் குளிர்ந்த அறைக்குள் எழுந்தது. துடைக்கக் கை வரவில்லை. அடுத்த வெள்ளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே போயிற்று. திரையைத் துடைப்பேன், எழுத்துகளைத் துடைப்பேன், அடிப்பக்கத்தைக்கூடத் துடைப்பேன். மூடியை மட்டும் ஓரம் ஓரமாகச் சுற்றிவந்து நிறுத்திக்கொள்வேன். அது உரசி அழியாமல் இருக்க மெல்லிய துணி வைத்துத் தைத்த தனி உறையும் வாங்கினேன். மூலை தேய்வதைப் பற்றியோ கீறல் விழுவதைப் பற்றியோ கவலை இல்லை. அந்தக் கை இருந்தால் போதும்.

பக்கத்து மேசையில் அடிக்கடி உட்காரும் ஆனிகா ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கவனித்துவிட்டு, ஈரக் காகிதம் ஒன்றை நீட்டினாள். மூடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்றாள். அது என் அப்பாவின் கை என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பா வந்திருக்கிறாரா? அடுத்த வாரம் ஃபீகாவுக்குக் கூட்டி வாயேன்” என்றாள். அவர் இங்கே இல்லை, ஊரில் இருக்கிறார் என்றேன். அவளுக்குக் குழப்பம். ஊரில் இருப்பவரின் கை இங்கே ஏன் இருக்க வேண்டும் என்று விளக்கும் அளவுக்கு எனக்கு அந்த மொழியும் வராது, எந்த மொழியும் வராது. சிரித்து வைத்தேன். அவள் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆவணியில், அருவிக்கரையில் ஒருவருக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, புளியறைச் சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது சித்தப்பா போனில் அழைத்தார். இனியும் வைத்திருக்க முடியவில்லை, தூக்கியாச்சு என்றார். கொள்ளி வைத்ததும் அவர்தான். வீட்டுக்குப் போனபோது வாசல் கழுவி விடப்பட்டிருந்தது.

பையை அறையில் போட்டேன். யார் யாரோ வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், போனார்கள். அலுவலகத்தில் கொஞ்ச நாள்தான் விடுப்பு. மீதி நாளுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். லேப்டாப் வந்தது அதனால்தான். ஆனால் உள்ளுக்குள் எனக்கு வேறொரு எண்ணமும் இருந்தது. எல்லோரும் போனபின் அம்மாவிடம் அந்தக் கையைக் காட்ட வேண்டும். அவர் முகத்தைத்தான் பார்க்கவில்லை, இது நம்மிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிற்பகல், அம்மாவே என்னைக் கூப்பிட்டாள்.

“ஏய்யா, ஒன் ஆபீஸ் கம்ப்யூட்டரத் தொடச்சு வச்சிருக்கேன்.”

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். லேப்டாப் அரிசி டிரம்மின் மேல் இருந்தது.

“அப்பா கை அப்படியே இருந்துச்சுல்லா? அன்னைக்குத் தொட்டதுல இருந்து அவருக்கு அதே வெசாரம். அவன் தொடச்சானோ என்னமோ, ஆபீஸ்ல ஏசுதாங்களோ என்னமோன்னு எங்கிட்டதான் கேப்பாரு. ஒங்கிட்ட கேக்கக் கூச்சம். போன அன்னைக்குக் காலையில கூடக் கேட்டுட்டுத்தான் அருவிக்குப் போனாரு. ஒன் பையத் தொறந்து பாக்கேன், அப்படியே இருக்கு.”

“ம்.”

“ஈரத்துணி ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா? அவரு வேட்டியக் கிழிச்சு அதுலதான் தொடச்சேன். எண்ணெ போவல. பொறவு துளி திருநீறு போட்டுத் தேச்சேன். ஒரு கீறல் விழுந்திருக்கா பாரு.”

எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. முகர்ந்தும் பார்த்தேன். திருநீற்று வாடைதான் லேசாக இருந்தது.

“நல்லா தொடச்சிருக்கம்மா” என்றேன்.

“இனி அவரு நிம்மதியா இருப்பாரு” என்றாள். இத்தனை வருட வழக்கத்தில் அவள் மோதிர விரல் தானாக மூடியின் மூலைக்கு வந்தது. பிறகு சாமி அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குங்குமச் சிமிழை யாரோ எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தார்கள். விரலை மடக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் இங்கே திரும்பிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. பழைய லேப்டாப்புகளை வாங்கிக்கொண்டு அலுவலகம் புதியது கொடுத்தது. வாங்கி வைத்த பையன் என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் கொடுத்ததில்லை, யார் கையும் படாதது போல இருக்கிறது என்று பாராட்டினான். “தாக்” என்றேன். இவர்கள் மொழியில் நன்றிக்கு அதுதான் சொல். அரசாங்கம் கொடுத்த அந்த முதல் லேப்டாப் ஊரில் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. அதற்கு இப்போது உயிர் வராது. அதன்மேலும் அவர் கை பட்டதில்லை.

இந்தக் குளிருக்கு என் உள்ளங்கை வெடிக்கிறது. அம்மா கொடுத்தனுப்பிய எண்ணெயைக் காலையில் தடவிக்கொண்டு வருகிறேன். பிற்பகலுக்குள் புதிய மூடி முழுக்க என் விரல்கள் விழுந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை டப்பா என்னிடம் வரும்போது, திங்கட்கிழமை வந்து உட்காரப் போகிறவருக்காக மேசையைத் துடைக்கிறேன். பிறகு மூடியை. துடைத்து முடித்ததும் மோதிர விரல் எழுந்து மூலைக்குப் போய் நிற்கிறது. அதற்குள் ஆனிகா காப்பி ஆறுகிறது என்று கூப்பிடுகிறாள். விரலை மடக்கிக்கொண்டு போகிறேன்.