வாட்டம்

முதல் படம் தானாக அமைந்தது. இரும்புலியூர் வீட்டு மொட்டைமாடியில் கேன்வாஸைத் தரையில் வைத்தேன். தம்ளரில் நீலம், வெள்ளை, கொஞ்சம் செம்மண் நிறம் என்று அடுக்கடுக்காக ஊற்றி, தம்ளரைக் கேன்வாஸ்மேல் கவிழ்த்தேன். கீழே போன் அடித்தது, போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீலம் ஒரு பக்கமாக நீண்டு, ஓரத்தில் நுரைபோல் வெடித்திருந்தது.

மனைவி அதைக் கூடத்தில் மாட்டியதோடு நிற்கவில்லை. குரோம்பேட்டையில் ஃப்ளாட் வாங்கியிருந்த தன் தங்கைக்கு, கிரகப்பிரவேசத்துக்கு இதே மாதிரி ஒன்று தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"வரலைன்னா இதையே கழட்டிக் குடுத்துடுவேன்" என்றாள். எனக்கு அதைக் கொடுக்க மனமில்லை.

அரசுக் கட்டடங்களைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் நான். ஒருமுறை நடந்தது, முறைப்படி செய்தால் மறுபடியும் நடக்க வேண்டும் என்பது என் மதம். கூடத்து மேசையின் கால்களுக்கு அட்டை சொருகி, சமதளம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துக் குமிழியை நடுவில் நிறுத்தினேன். வண்ணங்களை எடைபோட்டேன். மின்விசிறியை அணைத்தேன். விதிமீறல் எதுவும் இல்லை. வண்ணம் ஆறிப்போன பாயசம்போல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பொறுக்காமல் கேன்வாஸைச் சாய்த்தேன். அதிகமாகிவிட்டது; மறுபக்கம் சாய்த்தேன். சேறு. அடுத்ததும் சேறு.

விசேஷம் நெருங்கும்போது மழை பெய்தது. மாடியில் தண்ணீர் குழாய் வாயை நோக்கி நகர்வதைப் பார்த்ததும் உறைத்தது. மழைநீர் வடிய மாடித்தளத்துக்கு வாட்டம் வேண்டும் என்று எத்தனை மேஸ்திரிகளைத் திட்டியிருப்பேன்! என் மாடியை மட்டும் சமதளம் என்று நம்பியிருந்தேன்.

தரை காய்ந்ததும் அதே இடத்தில் ஊற்றினேன். நீலம் கிளம்பியது. என் கையும் கிளம்பியது.

"கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றாள் பின்னால் நின்ற மனைவி. "இது ஃபைல் இல்ல. நீங்க தள்ளாட்டியும் நகரும்."

நின்றேன். நீலம் நீண்டது. நுரை வரவில்லை, வெள்ளை குறுக்கே கீறிக்கொண்டு போனது. நன்றாகத்தான் இருந்தது. அதுவாக இல்லை.

"வரலைன்னா அதைத்தான் குடுப்பேன்னு சொன்னேனே" என்று கூடத்துப் படத்தைக் கழற்றிக்கொண்டு போனாள்.

அந்த ஆணியில் இப்போது இது தொங்குகிறது. வருகிறவர்கள் கோணலாக இருப்பதாக நினைத்து ஓரத்தைத் தட்டிச் 'சரி'செய்கிறார்கள். அவர்கள் போனதும் ரசமட்டம் வைத்து நிமிர்த்துகிறேன். குமிழி நடுவில்தான் நிற்கிறது. வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், எனக்கும் கோணலாகத்தான் தெரிகிறது. ஓரத்தைத் தட்ட எழுந்து போகிறேன்.