எரியாத உயில்

சீரியலுக்குக் கதை எழுதுகிறவனைத் திட்ட யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்பது, இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட என் சக பாவிகளுக்கு நன்றாகவே தெரியும். மூலக்குளத்தில் நடத்திய டியூஷன் சென்டரை மூடிவிட்டு இதில் குதித்தவன் நான். விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல் ஒன்றைச் சீரியலாக்கும் வேலை. மாசக் கடைசிக்குள் ஜனங்கள் பார்க்க ஆரம்பிக்காவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று சேனலில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சுவரில் ஒரு படம்

கதையை மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கதைப்படி தாத்தாவுடைய பெரிய வீட்டில், அந்தக் காலம் தெரியட்டும் என்று விக்டோரியா ராணி படத்தை மாட்டச் சொன்னது நான்தான். கூட்டத்தில் நிற்க வந்திருந்த செல்வி அக்கா, கரும்பு வெட்டுகிறவர், இது யாரென்று கேட்டார். நம்மை ஆண்ட ராணி என்றேன் மிதப்பாக.

"இன்னா சார், நம்ம ஊர ஆண்டது பிரெஞ்சுக்காரன் ஆச்சே. இந்தம்மா இங்க எதுக்கு?"

வெல்ல அடுப்பு

தாத்தா பேத்திக்கு வீட்டை எழுதிவைத்த உயிலை வில்லன் எரிக்கிறான். அவள் தெருவுக்கு வந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அழுகிறாள். நாவலே அவ்வளவுதான். நாவலில் குளிர்காயும் அடுப்பில் போட்டு எரிக்கிறான்; அதற்கு நம் ஊரில் நான் எங்கே போவேன்? வெல்லம் காய்ச்சும் அடுப்பில் போட வைத்தேன். யூனிட்டே கண் கலங்கியது. செல்வி அக்கா மட்டும் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன சிரிப்பு என்று கேட்டே விட்டேன்.

"அந்தக் காலத்துல பத்திரம் எழுதற நொத்தேரு அசலத் தன்கிட்டயே வச்சிக்குவாரு சார். நம்ம கையில குடுக்கறது காப்பிதான். எங்க மாமனார் பத்திரத்தக் கரையான் தின்னப்போ அங்கேர்ந்துதான் வேற வாங்கினோம்."

டைரக்டரோடு சண்டை

அப்படியானால் என் வில்லன் எரித்தது வெறும் காப்பி. ஆனால் யோசிக்க யோசிக்க ஆசையும் வந்தது. அந்தப் பெண்ணை ஏன் சும்மா அழவிட வேண்டும்? அசல் உயிலை வெளியே கொண்டுவருவோம், வீட்டைத் திருப்பி வாங்குவோம் என்று டைரக்டரிடம் போனேன். நாவலில் இல்லையே என்றார். நாவலாசிரியருக்குப் பாகூரும் தெரியாது, வில்லியனூரும் தெரியாது என்று நானும் விடவில்லை. மத்தியானச் சோறு ஆறிப்போகும் வரைக்கும் வாக்குவாதம்.

"எழுதித் தொலை. கவுந்தா உன் தலையிலதான்."

கிரகப்பிரவேசம்

பறித்துக்கொண்ட வீட்டில் வில்லன் கிரகப்பிரவேசப் பந்தி போட்டிருக்கும்போது, பேத்தியோடு ஒரு கரும்பு வெட்டும் பெண் உள்ளே வருகிறாள். எரிந்தது காப்பி, நொத்தேரிடம் இருந்த அசல் இதோ என்கிறாள். அந்த வசனத்தை எந்த நடிகை சொன்னாலும் ஒட்டவில்லை. செல்வி அக்காவையே சொல்ல வைத்தோம். ஒரே டேக்.

ஒளிபரப்பான மறுநாள் திருக்கனூர் பஸ்ஸில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. அந்த வாரமே சேனலிலிருந்து போன்: நிறுத்தவில்லை, இன்னும் நூறு எபிசோடு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோட்டத்துக்கு ஓடிப்போய் அக்காவிடம்தான் முதலில் சொன்னேன்.

"நான் ஒரு வார்த்தையில முடிச்சு வச்சத நூறு நாளைக்கு இழுக்கப் போறீங்களா?"

ஜெயித்தது என் மூளைதான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், சக பாவிகளே, நீங்களும் யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிடுங்கள்.