பெர்லிட்டாவும் லேபிள் இல்லாத டப்பாக்களும்

எந்த டப்பாவையும் திறப்பதற்கு முன் பெர்லிட்டா அதைக் காதருகே கொண்டுபோய் இரண்டு முறை குலுக்குவாள். மீன் டப்பா என்று இல்லை, பால் டப்பாவையும் குலுக்குவாள், ஒரு தடவை பெயிண்ட் டப்பாவைக்கூடக் குலுக்கினாள். தங்கை மாரிவிக் இதைப் பல வருடமாகப் பார்த்து வந்தாள். கேலி செய்திருக்கிறாளே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பெர்லிட்டா சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம். அவள் வாயிலிருந்து நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அதிகம்.

சூரை மீனுக்குப் பேர்போன ஜென்சான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மீன் டப்பா ஆலையில் அவள் பத்தொன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பல வருடம் வீட்டு வேலைக்குப் போய், பிறகு அங்கே சேர்ந்தாள். ஆவியில் வெந்த சூரை மீன் மேஜைக்கு வரும். கத்தியால் தோலைச் சுரண்டி, முள்ளை எடுத்து, கறுத்த சதையைத் தனியே பிரித்துப் பூனைத் தீனிக்குத் தள்ளி, வெளுத்த சதையை மட்டும் தட்டில் அடுக்க வேண்டும். வாய்க்கு முகமூடி, தலைக்கு வலை, காலுக்கு வெள்ளை பூட்ஸ். பேசக் கூடாது என்பது ஆலை விதி. மற்ற பெண்களுக்கு அது தண்டனை, பெர்லிட்டாவுக்கு வரம். கையும் கண்ணும் காதும் மட்டும் வேலை செய்தால் போதும்.

நாற்பத்தாறு வயதில் முழங்கால் இரண்டும் அவளைக் கைவிட்டன. ஆலையை விட்டு நின்றாள். அதன் பிறகு அவள் கண் ஒரே ஓர் இடத்தின் மேல் விழுந்தது: மூன்றாம் தெருவின் கூடைப்பந்து மைதானத்தை ஒட்டி, தகரக் கூரை போட்டுப் பூட்டியே கிடந்த கொட்டகை. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டால் உட்கார்ந்தபடியே வெங்காயம் நறுக்கலாம். மூன்று வாரம் தனக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத் தெருத் தலைவர் இசிட்ரோவிடம் போய்க் கேட்டாள். சுட்ட கறி விற்கும் கோஞ்சிங்கும் அதே கொட்டகையைக் கேட்டிருந்தாள்.

இசிட்ரோ யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். தெருக்களுக்கு இடையே நடக்கும் கூடைப்பந்துப் பந்தயம் அடுத்த வாரம் ஆரம்பம் ஆகவிருந்தது. பந்தயம் முடியும்வரை நம் பையன்களுக்கு மத்தியானச் சாப்பாடு நீ போடு, முடியும்வரை அவர்கள் உன் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால் கொட்டகை உனக்கு, பாதியில் எழுந்து போனால் கோஞ்சிங்குக்கு என்று சொல்லிவிட்டார். பெர்லிட்டா தலையை ஆட்டினாள். அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டுச் சாமான் வந்திறங்கியது. அரிசி இரண்டு மூட்டை, நான்கு அட்டைப்பெட்டி நிறைய மீன் டப்பா. யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடை. ஒரு டப்பாவிலும் லேபிள் இல்லை. நல்ல மீன்தான், லேபிள் ஒட்டும் இடத்துக்குப் போகாமலே வந்துவிட்ட சரக்கு. கோஞ்சிங் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, மாரிவிக்கிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க அக்காகிட்ட சொல்லு, கொட்டகையில கரி அடுப்பு எங்க வைக்கிறதுன்னு நான் இப்பவே அளவு எடுத்துக்கறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்றாம் தெருப் பையன்கள் பால் மறந்ததும் பச்சைச் சூரையைத் தின்று வளர்ந்தவர்கள். அப்பன்மார் எல்லாம் தூண்டிலோடு கடலுக்குப் போகிறவர்கள். கள்ளைப் புளிக்க வைத்த காடியில் ஊறிய பச்சை மீனும் கரியில் சுட்ட சூரைத் தாடையும்தான் அவர்களுக்கு மீன். டப்பாவில் இருப்பது கப்பல் ஏறி வேறு யாருக்கோ போவது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். பெர்லிட்டா பூண்டும் வெங்காயமும் தக்காளியும் வதக்கி, பன்னிரண்டு டப்பா மீனைக் கொட்டி, முட்டை உடைத்து ஊற்றிப் பிரட்டிப் பிரட்டி வேக வைத்தாள். பையன்கள் உட்கார்ந்தார்கள். இரண்டு வாய் போனது. ஒருவன் மாவுக் கட்டி என்றான், ஒருவன் பஞ்சு என்றான். அணியின் தூணான ஜெர்விக் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தான். ஆறடி மூன்று அங்குலம், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவன். விடியும் முன்பே அறுபது கிலோ சூரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறவன்.

"பெர்லி அக்கா, காலையில இவனைத் தோள்ல சுமக்கறேன். மத்தியானம் இவனையே தகரத்துல அடைச்சுக் குடுக்கறீங்க. எங்கயாவது ஒரு எடத்துல எங்களைப் பிரிச்சு வையுங்க."

மேஜை முழுதும் சிரித்தது. பெர்லிட்டாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்று மாலையே ஏழாம் தெருக்காரர்கள் ஜெர்விக்கைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கே தினமும் பொரித்த கோழி. சனிக்கிழமை நாலு மணிவரை யாரும் தெரு மாறிக் கையெழுத்துப் போடலாம், அதுதான் விதி. ஜெர்விக் போனால் அவன் பின்னால் இன்னும் மூன்று பேர் போவார்கள். மேஜை காலியாகும். கொட்டகையில் கோஞ்சிங்கின் அடுப்பு எரியும்.

பெர்லிட்டாவிடம் வாய்தான் இல்லை, கண் இருந்தது. புதன்கிழமை அவள் ஜெர்விக்கின் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனைத் தொடவில்லை. ஆனால் ஓரத்தில் வைத்திருந்த கிண்ணத்துக் காடியை, இஞ்சியும் மிளகாயும் நசுக்கிப் போட்டதை, சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்றான். தீர்ந்ததும் பக்கத்தில் இருப்பவனின் கிண்ணத்தையும் இழுத்துக்கொண்டான். கடைசியில் அடியில் கிடந்த இஞ்சித் துண்டை விரலால் வழித்து வாயில் போட்டான்.

அவளுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பத்தொன்பது வருடம் பார்த்தவள் அல்லவா. அந்த மீன் மேஜைக்கு வரும்போதே ஒரு தடவை வெந்தது. டப்பாவில் அடைத்து மூடிய பிறகு, பெரிய இரும்புக் கொப்பரையில் இன்னொரு தடவை வெந்தது. இரண்டு தடவை வெந்த மீனை மூன்றாவது தடவை அடுப்பில் போட்டுப் பிரட்டினால் பஞ்சாகாமல் வேறு என்ன ஆகும்? இனி இதற்கு நெருப்பு காட்டக் கூடாது.

வியாழக்கிழமை காலை அத்தனை டப்பாக்களையும் தரையில் பரப்பி உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் குலுக்கினாள். உப்புத் தண்ணீர் டப்பா சட்டென்று கலகலக்கும். எண்ணெய் டப்பா சோம்பலாக, கனமாக ஒரு தடவை புரளும். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் எண்ணெய் என்று அடுக்கிக்கொண்டே போனாள். மாரிவிக் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷமா இதுக்குத்தான் குலுக்கினியா? சாமி கும்பிடற மாதிரி ஏதோ பழக்கம்னு நெனச்சேன்."

"பால் டப்பாவுக்கு மட்டும் பழக்கம்தான்," என்றாள் பெர்லிட்டா.

தண்ணீர் டப்பாக்களைத் திறந்து வடித்து, மீனைத் துணியில் மெல்ல அழுத்தினாள். தென்னங்கள் காடியில் இஞ்சி, சின்ன வெங்காயம், மிளகாய் நறுக்கிப் போட்டு, பச்சை மாங்காய் சீவி, மீன் துண்டுகளை உடையாமல் அதில் ஊற விட்டாள். எண்ணெய் டப்பாவின் எண்ணெயைக் கீழே ஊற்றவில்லை. அதிலேயே பூண்டைப் பொன்னிறமாகப் பொரித்துச் சூடான சோற்றின் மேல் தூவினாள், மீனைச் சூடு காட்டாமல் அப்படியே அதன் மேல் வைத்தாள். பையன்கள் பாதித் தட்டுவரை போனார்கள். முன்னேற்றம்தான். ஆனால் ஜெர்விக் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா உசுரு இல்ல. கடல் வாசமும் இல்ல, கரி வாசமும் இல்ல." ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியாளர் நெஸ்டோரிடம், சனிக்கிழமை ஏழாம் தெருவுக்குக் கையெழுத்துப் போடப்போவதாகச் சொல்லியும் விட்டான்.

கரி வாசம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை முழுதும் உட்கார்ந்திருந்தாள். மீனைச் சுட முடியாது. சுட்டால் மூன்றாவது வேக்காடு. மீன் நெருப்பிடம் போகக் கூடாது, ஆனால் நெருப்பின் வாசம் மீனிடம் வர வேண்டும். மாலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் சடாரென்று எழுந்தாள். முழங்கால் வலி ஞாபகமே வரவில்லை. அவள் பிறந்த இலோயிலோ பக்கம் கோழிக் குழம்புக்கு ஒன்று செய்வார்கள். துருவிய தேங்காயின் நடுவில் சிரட்டைக் கங்கைப் போட்டுப் புரட்டி, புகை ஏறியதும் கங்கை எடுத்துவிட்டுப் பால் பிழிவார்கள். கோழிக்குச் செய்ததை மீனுக்குச் செய்தால் என்ன? ஒரு கைப்பிடி தேங்காயில் செய்து, ஒரு டப்பா மீனில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து வாயில் வைத்தாள். பிறகு மாரிவிக் வாயில் வைத்தாள். மாரிவிக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி மீதியைத் தனியாகத் தின்றாள்.

சனிக்கிழமை ஏழு தேங்காய். மூன்று மணிக்கு மைதானத்து ஆலமரத்தடியில் பெரிய எனாமல் தொட்டியில் துருவலைக் குவித்து, நடுவே சிவந்த கங்குகளை வைத்தாள். சுரீரென்று புகை கிளம்பித் தெருவெல்லாம் பரவியது. பால் பிழிந்து, காடியில் ஊறிய மீன் மேல் ஊற்றி, மாங்காய், மிளகாய், கடைசியாக எலுமிச்சை.

ஜெர்விக் விடைபெறத்தான் வந்தான். ஷூவை நாடாவால் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தான். மைதானத்துக்கு வெளியே ஏழாம் தெருக்காரர்களின் ஜீப்னி, நீளமான ஜீப் வண்டி, இஞ்சினை அணைக்காமல் நின்றது, உள்ளே ஒன்பது பேர். அவன் வேலியைத் தாண்டியதும் நின்றான். மூக்கை உயர்த்தினான்.

"தாடை யாரு சுடறது?"

அவன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கோஞ்சிங்கின் அடுப்பைப் பார்த்தான், அது எரியவே இல்லை. மேஜைக்கு வந்தான். கிண்ணத்தைப் பார்த்தான், பெர்லிட்டாவைப் பார்த்தான். நின்றபடியே ஒரு வாய் எடுத்தான். அப்புறம் உட்கார்ந்தான்.

"அக்கா, இது டப்பாவா?"

பெர்லிட்டா காலி டப்பாக்கள் கிடந்த கூடையைக் காலால் நகர்த்திக் காட்டினாள். அவன் அதை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவது தட்டு வாங்கினான். மற்றவர்கள் அதற்குள் சோற்றுப் பானையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜீப்னி ஒலி எழுப்பியது. பெர்லிட்டா அவனையே பார்த்தாள். ஜெர்விக் எழுந்தான். அவன் மூன்றாவது தட்டு ஒன்றைச் சோறும் மீனுமாகக் குவித்து, அதை எடுத்துக்கொண்டு நேரே ஜீப்னிக்கு நடந்தான்.

அங்கே என்ன பேசினான் என்று கேட்கவில்லை. தட்டு ஜன்னல் வழியாக உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இஞ்சின் அணைந்தது. முதலில் ஓட்டுநர் இறங்கினான், பிறகு இரண்டு பேர், பிறகு வண்டி முழுவதும் இறங்கியது. ஏழாம் தெரு அணியின் மேலாளர், கையெழுத்துத் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர், சும்மா ருசி பார்க்கத்தான் என்று சொல்லிப் பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்தார். தாளைத் தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்தார்.

"எங்க தெருவுல கோழியே திங்கறேன், ஏழு நாளா," என்றார் வாய் நிறைய. "என் முகத்துல இறகு முளைக்குதான்னு பாருங்க."

பெர்லிட்டா பரிமாறிக்கொண்டே இருந்தாள். ஏழு தேங்காயும் தீர்ந்து மாரிவிக் எட்டாவதுக்கு ஓடினாள். மேலாளர் நான்காவது தட்டை வழித்து நக்கிவிட்டு நிமிர்ந்தபோது, மைதான ஓரத்தில் கையெழுத்துத் தாள்களை வாங்கும் பதிவு மேஜையில் இருந்தவர் நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். மணி நாலரை. மேலாளர் தாளைப் பார்த்தார், ஜெர்விக்கைப் பார்த்தார். ஜெர்விக் இஞ்சித் துண்டைத் தேடிக் கிண்ணத்தைத் துழாவிக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே செய்தானா, பசியில் மறந்தானா என்று பெர்லிட்டா இன்றுவரை கேட்டதில்லை.

அரையிறுதியில் மூன்றாம் தெரு இரண்டு புள்ளியில் தோற்றது, அதுவும் ஏழாம் தெருவிடம். ஆனால் கடைசி நாள்வரை ஒரு பையனும் மேஜையை விட்டு எழுந்து போகவில்லை. இசிட்ரோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாவியைக் கொடுக்கும்போது கோஞ்சிங்கும் இருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கங்கு வைக்கிற பக்குவத்தைக் கேட்காமல் போகவில்லை.

இப்போது கொட்டகையில் நான்கு மேஜை இருக்கிறது. கோஞ்சிங் வாசலிலேயே சுட்ட கறி விற்கிறாள், சிரட்டைக் கங்கு அவளிடமிருந்துதான் வருகிறது. டப்பாக்களை இப்போது பெர்லிட்டா லேபிளோடு கடையில் வாங்குகிறாள். சனிக்கிழமை முப்பது டப்பா திறக்கிறாள், மூன்று மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. வெங்காயத்தை உட்கார்ந்தபடியே நறுக்குகிறாள்.