சிமெண்ட் பூசிய லாயம்

ஆம்ப்ரோஸ் பிறந்தது குதிரை லாயத்தின் வளைவு வாசலுக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில். அவருடைய அப்பா அங்கே தலைமைக் குதிரைக்காரர். அறுபத்தெட்டு வயதிலும் ஆம்ப்ரோஸ் அதே அறைகளில்தான் மனைவி ஆலிவுடன் குடியிருந்தார். பண்ணைக்குச் சொந்தக்காரரான பிரபுவின் மாளிகையை 1953-லேயே இடித்துவிட்டார்கள். குதிரைகள் அதற்கும் முன்பே போய்விட்டன. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருந்த அந்தப் பெரிய பண்ணையில் மிஞ்சி நின்றது லாயம் ஒன்றுதான்.

சந்துக்கு எதிர்ப்பக்கம் என் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் லாயத்தின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். முற்றத்தைச் சுற்றி நான்கு கட்டு, சிவப்புச் செங்கல், வளைவுக்கு மேல் நின்றுபோன கடிகாரம். உள்ளே பன்னிரண்டு கொட்டில்கள். மூத்திரம் வாய்க்காலுக்கு ஓடும்படி தரையில் கண்ணுக்குத் தெரியாத சரிவு. வெளியே எதையாவது கண்டு குதிரை மிரளக் கூடாது என்று ஜன்னல்கள் எல்லாம் உயரத்தில். மனிதருக்குக் கட்டிய என் வீட்டில் ஊதல் காற்று நுழையும்; குதிரைக்குக் கட்டிய அங்கே நுழையாது.

ஒவ்வொரு கோடையிலும் ஆம்ப்ரோஸ் ஏணியும் கொத்துக்கரண்டியுமாக ஒரு சுவரை எடுத்துக்கொள்வார். அவருடைய அப்பா காலத்தில் செங்கல் இடுக்குகளில் சுண்ணாம்புக் காரைதான். நகத்தால் சுரண்டினால் உதிரும். மகனுக்கு அதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, நல்ல சிமெண்டாகப் பார்த்து அடைத்தார். இருபத்தைந்து வருஷம் அடைத்தார். செங்கல் முகம் பெயர்ந்த இடங்களிலும் சிமெண்டை வழித்து, சிவப்புச் சாயம் அடித்துவிடுவார்.

"என் மூஞ்சியில இத்தன சுருக்கம் விழுந்திருக்கு, ஒண்ணாவது இந்த மனுஷன் கண்ணுல பட்டிருக்கா?" என்று ஆலிவ் என்னிடம் சொல்வாள். "செவுத்துல மயிரிழை விரிசல் விழட்டும், சாப்பாட்ட விட்டுட்டு ஓடுவாரு."

"உன் மூஞ்சி தானா நிக்கும்டி, செவுரு நிக்காதே" என்பார் ஏணியிலிருந்து.

1978-ல், நிலத்தை வாங்கியிருந்த கம்பெனி லாயத்தை இடித்துத் தானியக் கொட்டகை போடப் போவதாக எழுதியது. தப்ப ஒரே வழிதான் இருந்தது. காக்க வேண்டிய பழங்கட்டடம் என்று அரசுப் பட்டியலில் ஏறிவிட்டால் ஒருவரும் கை வைக்க முடியாது. ஆம்ப்ரோஸ் மனுப் போட்டார். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பார்வையிட ஓர் அம்மாள் வந்தார். பெயர் பமீலா ரிக்ஸ்.

ஆம்ப்ரோஸ் கல்யாண கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். ஆலிவ் டீயோடும் கேக்கோடும் நின்றாள். துணைக்கு நானும் போயிருந்தேன். கொட்டில்களையும் இரும்பு வைக்கோல் தொட்டிகளையும் பார்த்து அந்த அம்மாளின் கண்கள் மின்னின. "இருநூறு வருஷத்துக் கட்டடம்! இந்த மாவட்டத்துல இப்படி முழுசா ஒண்ணு மிஞ்சல" என்றார். ஆலிவ் என் கையை நசுக்கினாள்.

பிறகு அவர் சுவரைத் தட்டினார். உள்ளே பொந்து இருப்பதுபோல் தொம்மென்று சத்தம். பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துச் சாயப் பூச்சை நெம்பினார். பூச்சு ஓடு மாதிரி கழன்றது. உள்ளேயிருந்து ஈரச் செம்மண் பொலபொலவென்று அவர் காலணியில் கொட்டியது. இன்னோர் இடம். இன்னோர் இடம். நான்கு பக்கமும் அதே கதை.

"யாரு இந்த சிமெண்ட வச்சது?"

"யாரோ வெளியூர்க் கொத்தனாருங்க, மேடம்" என்றாள் ஆலிவ் சட்டென்று. "எப்பவோ."

"நான்தான்" என்றார் ஆம்ப்ரோஸ். "அத்தனையும் என் கையால."

அந்த அம்மாள் கத்தியை மடக்கக்கூட மறந்து நின்றார். "இது மெத்துனு சுட்ட செங்கல், ஐயா. மழத்தண்ணி உள்ள போனா சுண்ணாம்பு வழியா வெளிய வந்துரும். சிமெண்ட் விடாது. தண்ணி செங்கல்லயே தங்கிடும். குளிர்காலத்துல ஒறஞ்சு வெடிக்கும்."

"அப்ப சும்மா விட்டிருந்தா...?"

அவர் கத்தியை மடக்கிப் பையில் போட்டார்.

"சொல்லுங்க மேடம். நான் ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா?"

"நின்னிருக்கும்" என்றார், தரையைப் பார்த்தபடி.

டீ ஆறிப்போனது. கேக்கை யாரும் தொடவில்லை.

பட்டியலில் சேர்க்க இயலாது, கட்டடம் காப்பாற்றும் நிலையைத் தாண்டிவிட்டது என்று மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அவர்களுக்கு ஊர்க் கோடியில் உள்ளாட்சிக் கவுன்சிலின் வாடகை வீடு ஒன்று கொடுத்தார்கள்.

மார்ச்சில் இடிக்கும் இயந்திரம் வந்தது. வேண்டாம் என்று ஆலிவ் மன்றாடியும் ஆம்ப்ரோஸ் வந்து என் வேலியருகே நின்றார். முதல் இடியில் பூச்சு உதிர்ந்தது. செங்கல்லும் தூளாகக் கொட்டியது. அது இருந்த இடத்தில், இடுக்குகளில் அடைத்த சிமெண்ட் மட்டும் தேனில்லாத அடைபோல நின்றது. வானம் அதன் ஓட்டைகள் வழியே தெரிந்தது. ஓட்டுநர் மறுபடி மறுபடி இடிக்க வேண்டியிருந்தது.

"யோவ் பெரியவரே," என்று அவன் சிரித்தபடி கத்தினான், "எவன் அடைச்சானோ, செம கெட்டி! பெரிய வேலக்காரன்தான்!"

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். அவரை நானும் ஆலிவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீடு கொண்டு சேர்த்தோம்.

அதற்குப் பிறகு அவர் இருந்தது பதினாலு மாதம். கதவுப் பிடி கழன்றபோது ஆலிவ் திருப்புளியை நீட்டினாள். அவர் கைகள் இரண்டையும் அக்குளில் ஒளித்துக்கொண்டார்.

"வேணாம் ஆலிவ்" என்றார். "நான் தொட வேணாம்."