மணப்பெண் அச்சாகாத பத்திரிகை

எங்கள் அலுவலகத்தில் பிரிண்டருக்கென்று தனியாக ஓர் அறை இருக்கிறது. உள்ளே ஒருவர் தாள் எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்தவர் நுழையமாட்டார். வாசலில் நின்று, கூரையைப் பார்த்தபடி காத்திருப்பார். தாளில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஃபின்லாந்தின் தம்பெரே நகரத்துக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கள் ஊர் மோகனூர் பஸ் ஸ்டாண்டில் மல்லிகாக்காவின் ஜெராக்ஸ் கடையில் என் மார்க் ஷீட்டை நகல் எடுத்தபோது, பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் எட்டிப் பார்த்து, கணக்கில் ஏன் குறைந்தது என்று விசாரித்தார். அவர் கேட்டதில் எனக்குக் கோபம் வந்தது. இங்கே யாரும் கேட்காததில் அதைவிடக் கோபம் வருகிறது. மனுஷிக்கு எதில்தான் திருப்தி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

அப்படிப்பட்ட அறையில், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நான் தொண்டை கிழியக் கத்தினேன். வெளியே அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. உள்ளே எனக்குக் கல்யாணக் களை முற்றிப்போயிருந்தது. ஆமாம், கல்யாணம் எனக்குத்தான். மாப்பிள்ளை ஆட்டையாம்பட்டிக்காரர், பெயர் கார்த்தி. வைகாசியில் முகூர்த்தம். அந்த நாட்களில் லிஃப்டில் தனியாகப் போனால்கூட நான் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முதல் பத்திரிகையை நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துக் குலதெய்வத்தின் முன்னால் வைக்கவேண்டும். பூசாரி அதைச் சாமிக்கு வாசித்துக் காட்டுவார். அதன்பிறகுதான் மாமன் மச்சானுக்கே பத்திரிகை. எங்கள் கருப்பணாருக்கு வைக்க அந்த வெள்ளிக்கிழமையைத்தான் குறித்திருந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அந்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாள் வெகு தள்ளிப் போகிறது, அப்புறம் ஊரைக் கூப்பிட நேரமே இருக்காது. அச்சாபீசில் கொடுத்திருந்த பத்திரிகைக் கட்டோ லாரி புக்கிங்கில் எங்கேயோ நின்றுவிட்டது.

அப்பா அசரவில்லை. கல்யாணத்துக்காக நான் இணையத்தில் ஒரு பக்கம் செய்து வைத்திருந்தேன். மண்டபத்துக்கு வழி, எங்கள் படங்கள், நடுவில் ஒரு சட்டத்துக்குள் பத்திரிகை. அதைத்தான் மல்லிகாக்காவின் கடையில் பிரிண்ட் எடுத்துவிடலாம் என்று அப்பாவும் அத்தையும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். எனக்கும் யோசனை நல்லதாகத்தான் பட்டது. வேலையே அதுதானே, பக்கம் செய்வது.

எனக்கு இங்கே ஏழரை மணி, அவர்களுக்குப் பத்து. பேச்சு யாருக்கும் தொந்தரவாக வேண்டாம் என்று மடிக்கணினியோடு பிரிண்டர் அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வீடியோவில் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“சாமி, பொண்ணு பேரயே காணோமே.”

தாளைக் காட்டினார். மேலே கருப்பணார் துணை. அதற்குக் கீழே தாத்தாக்கள், பெரியப்பாக்கள், சித்தப்பாக்கள், எந்தப் பெயர் எதற்கு மேலே வரவேண்டும் என்று ஒரு மாதம் சண்டை போட்ட அத்தனை பேரும் வரிசையாக, தெளிவாக இருந்தார்கள். கடைசியில் “எங்கள் மூத்த குமாரத்தி திருநிறைச்செல்வி” என்று இருந்தது. அதோடு சட்டம் முடிந்து, ஓரத்தில், திரையில் மேலும் கீழும் நகர்த்த வைக்கும் சுருள்பட்டை மட்டும் அச்சாகியிருந்தது. நான் இல்லை, கார்த்தி இல்லை, முகூர்த்த நேரமும் இல்லை.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. விஷயம் இதுதான். அந்தப் பெயர்ச் சண்டையால் பத்திரிகையைத் தினமும் மாற்றவேண்டி இருந்தது. அதனால் அதைத் தனிப் பக்கமாக வேறொரு முகவரியில் வைத்து, கல்யாணப் பக்கத்துக்குள் ஐஃப்ரேம் என்கிற சட்டமாகப் பொருத்தியிருந்தேன். திரையில் உள்ளே விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கலாம். தாளை யார் தள்ளுவது? பக்கத்தை பிரிண்ட் செய் என்றால் வெளிப்பக்கம்தான் அச்சாகும், சட்டத்தில் அந்த நேரம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் உள்ளிருப்பது வரும்.

சரிசெய்வது பெரிய காரியமில்லை. ஜாவாஸ்கிரிப்டில் வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு, அந்த ஐஃப்ரேமைப் பிடித்து, அதன் கன்டென்ட்விண்டோவுக்கு, அதாவது உள்ளிருக்கும் பக்கத்துக்கு, முதலில் ஃபோகஸ், பிறகு பிரிண்ட் என்று சொல்லவேண்டும். எழுதி, பக்கத்தின் கீழே அதற்கென்று ஒரு பொத்தானையும் வைத்து அழுத்தினேன். பிரவுசர் மறுத்துவிட்டது. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே முகவரிக்காரர்கள் இல்லையாம். பார்க்கலாம், தொடக்கூடாது என்கிறது. விசா அலுவலகத்தில் கேட்ட குரல் மாதிரியே இருந்தது. பத்திரிகையைத் தூக்கிக் கல்யாணப் பக்கத்தின் முகவரியிலேயே வைத்து மறுபடி அழுத்தினேன். எங்கள் அலுவலக பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு முழுத் தாளைத் தள்ளியது. திருநிறைச்செல்வி பூங்கொடி. என் பெயர் எனக்கே அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

“மல்லிகாக்கா, ரெஃப்ரெஷ் பண்ணிட்டுக் கீழ இருக்கற புதுப் பொத்தான அமுக்குங்க” என்று கத்தினேன். கத்தியதில் வாசலில் மெர்யா வந்து நின்றார். பக்கத்து மேசைக்காரர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது, என்னிடம் தேவைக்குமேல் ஒரு சொல் பேசியதில்லை. கையில் முதலுதவிப் பெட்டி. எனக்கு அடிபட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார். அவசரத்தில் என்ன சொல்வது? எங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், முதல் பத்திரிகை அவருக்குத்தான், எட்டு மணிக்குள் போகவேண்டும் என்றேன். மின்னஞ்சல் அனுப்பலாமே என்றார். அவரிடம் போன் கிடையாது என்றேன். ரொம்ப வயதானவரா என்று கேட்டார். ரொம்ப என்றேன். மெர்யா அனுதாபத்தோடு தலையை ஆட்டினார், ஆனால் போகவில்லை.

மோகனூரில் முழுத் தாளும் வந்துவிட்டது. ஆனால் அத்தை புதுச் சிக்கலைக் கிளப்பியிருந்தார். முதல் தாள் மெஷினிலிருந்து விழுந்த கையோடு, படித்துப் பார்க்காமலேயே நான்கு மூலையிலும் மஞ்சளை வைத்துவிட்டாராம்.

“மஞ்சள் வெச்ச காயிதம் கருப்பணாரோடது. அத எப்படி மாத்தறது?” என்றார் அத்தை. அத்தையிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் வம்சத்தில் இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அப்பா வண்டியை விரட்டினார். போன் சட்டைப்பையில் கிடந்ததால் வழியெல்லாம் எனக்குத் தெரிந்தது கருப்பு, கேட்டது ஹாரன்.

கோயிலில் பூசாரி மஞ்சள் வைத்த தாளைத்தான் எடுத்தார், அதுதானே முறை. உரக்க வாசித்தார். தாத்தாக்கள் வந்தார்கள், சித்தப்பாக்கள் வந்தார்கள். “எங்கள் மூத்த குமாரத்தி திருநிறைச்செல்வி” என்று ராகமாக இழுத்தவர் நின்றுவிட்டார். தாளைத் திருப்பிப் பார்த்தார். அத்தை தேங்காய்த் தட்டுக்கு அடியிலிருந்து இரண்டாவது தாளை உருவப் போக, பழமெல்லாம் உருண்டோடியது. பத்தரைக்கு இன்னும் ஒரு நிமிடமோ என்னவோதான் இருந்தது. அப்பா போனைக் கருப்பணார் பக்கம் திருப்பினார். இத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு நேருக்கு நேராக நான் பார்த்ததில்லை. பெரிய மீசை, பெரிய கண்.

“நீயே சொல்லு கண்ணு. கருப்பணாருக்குக் காது கேக்கும்” என்றார் அப்பா.

நான் எழுந்து நின்றேன். செருப்பைக் கழற்றினேன், ஏனென்று தெரியவில்லை. தம்பெரேயின் பிரிண்டர் அறையில், வெறுங்காலோடு, “பூங்கொடிங்க” என்று கத்தினேன். அப்பா பெயர், கார்த்தி பெயர், அவர் அப்பா பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் வரை சொல்லி முடித்து, “அவசியம் வந்துருங்க” என்றேன். அந்தப் பக்கம் மணியடித்தது. எனக்குத் தாரைதாரையாகக் கண்ணீர் வந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

இப்போது வாசலில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். யாரும் கூரையைப் பார்க்கவில்லை. மெர்யாதான் கேட்டார், அந்தப் பெரியவருக்குக் கேட்டதா என்று. கேட்டது என்றேன். வருவாரா என்றார். அவர் ஊரைவிட்டு எங்கேயும் போகமாட்டார், நாங்கள்தான் போகவேண்டும் என்றேன். பிறகு மூலையில் மஞ்சள் வைத்த கதையையும், என் பெயரில்லாத தாள்தான் அவர் காலடியில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். மெர்யா உள்ளே வந்தார். பிரிண்டரில் கிடந்த முழுத் தாளை எடுத்தார். இதில் உன் பெயர் எது என்றார். காட்டினேன். அறிவிப்புப் பலகையில், தீயணைப்புப் பயிற்சி அறிவிப்புக்குப் பக்கத்தில், அதைக் குத்தினார். பிறகு மேசையிலிருந்து மஞ்சள் ஹைலைட்டரை எடுத்துவந்து மூடியைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் நிதானமாக ஒரு பொட்டு வைத்தார். நான் வெறுங்காலோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.