அது வேறு கெம்பஸ்

நான் படித்த பல்கலைக்கழகம் ஒருமுறை எட்டு மாதம் மூடிக்கிடந்தது. அது திறந்திருக்கிறது என்று என் தாயிடமும் தங்கையிடமும் பொய் சொன்னேன். அந்தப் பொய்யினால் என் தங்கை ஸ்டெல்லா பதினேழு வயதில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தேயிலை மலைக்கு ஏறினாள்.

இதுதான் என் குற்றம். இருபத்திரண்டு வருடங்களாக ஒருவரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்ட ஒவ்வொரு முறையும் கோபம், பொறாமை, தவறவிட்ட ஞாயிறு பூசை என்று சில்லறைப் பாவங்களைக் கொட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். சாமியார் மன்னித்துவிடுவாரே என்ற பயம்... ஆம், பயம்தான்! மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அவர் என்னை அனுப்பிவிட்டால், ஸ்டெல்லாவுக்கு அதனால் என்ன கிடைக்கும்?

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்கவேண்டாம். கேட்டால் போதும்.

என்னை நீங்கள் பார்த்திருக்கவும் கூடும். மாத்தளையில் ஏதாவதொரு தமிழ்ப் பாடசாலையில் உங்கள் பிள்ளை உயர்தரம் படிக்கிறதென்றால், நிச்சயம் பார்த்திருப்பீர்கள். தொழில் வழிகாட்டல் ஆசிரியை என்று சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். நானும் நல்ல புடவையில் ஏறி நின்று, "பிள்ளைகளே, பல்கலைக்கழகம் போவதற்கு ஒரு சதமும் தேவையில்லை. லயத்தில் பிறந்த நானே அதற்குச் சாட்சி" என்பேன். கைதட்டுவார்கள். நீங்களும் தட்டியிருப்பீர்கள்.

சாட்சியாம்! யாருக்கு யார் சாட்சி?

ஒரு சதமும் தேவையில்லை என்பது அப்பட்டமான பொய். ஒருவருடைய செலவில்தான் நான் படித்தேன். ஒருமுறை அவள், என் தங்கை, நான் பேசிய மண்டபத்திலேயே கடைசி வரிசையில் அமர்ந்து, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். மகளின் பாடசாலை விழாவுக்காக அன்று அரை நாள் பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா. அப்பா எங்கள் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். அம்மாதான் கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் வளர்த்தாள். அந்தக் காம்பராவில் குடியிருக்க ஒரு விதி உண்டு. வீட்டிலிருந்து ஒருவரது பேராவது தோட்டத்தின் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பதிவுப் புத்தகத்தில், இருக்கவேண்டும். பேர் இல்லாவிட்டால் கூரை இல்லை. இதை எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்க யாருக்குத் துணிச்சல் இருந்தது? எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் நாங்கள்... ஆனாலும் ஒரு பேரைக் கொடுத்தால்தான் உள்ளே படுக்கலாம்!

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கலைப்பிரிவு. தட்டுத்தடுமாறி எடுபட்டவள். ஸ்டெல்லா அப்படியல்ல. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அதிசிறப்புச் சித்தி. தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் கிடையாது. மாத்தளை டவுன் பாடசாலையில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளைச் சீருடைத் துணியைக்கூட அம்மா வாங்கிவிட்டாள்.

அந்த மாதம்தான் அம்மா மலைச்சரிவில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு விலகிவிட்டது.

அப்போது எங்களிடம் தொலைபேசி இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவும் ஸ்டெல்லாவும் சந்தியிலிருந்த கொமியூனிகேஷன் கடையில் வந்து நிற்பார்கள். குறித்த நேரத்துக்கு நான் அந்தக் கடைக்கு அழைப்பேன். அந்த ஞாயிறு அம்மாவின் குரல் தேய்ந்து ஒலித்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாகத்தான் அவளை அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

"இனி மலைக்கு ஏற ஏலாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரும்மா. கங்காணி வந்து வாசல்ல நிக்கிறாரு. இந்த மாசத்துக்குள்ள வேறொரு பேரு குடுக்காட்டி காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். நீ ஒரு வருஷம் லீவு கேட்டுட்டு வந்து பேர் போடும்மா. அதுக்குள்ள நான் தேறிருவேன். சின்னவளோட எடம் போயிரும், அது மறுபடி கெடைக்காது."

ஒரு வருடம்! அவ்வளவுதான் கேட்டாள். லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கவே தேவையில்லாமல் இருந்ததுதான் கொடுமை. நான் பேசிக்கொண்டிருந்த கடைக்கு நேரெதிரே பல்கலைக்கழக வாயில் சங்கிலி போட்டுப் பூட்டிக்கிடந்தது. வேலைநிறுத்தம். உள்ளே ஒரு நாய் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேறு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இங்க ஒரு நாள் வராட்டியும் பேரை வெட்டிருவாங்கம்மா."

ஸ்டெல்லா அம்மாவிடமிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"அக்கா, கெம்பஸெல்லாம் மூடிட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்களே?"

"அது வேற கெம்பஸ் ஸ்டெல்லா. எங்களுக்கு லெக்சர்ஸ் நடக்குது."

"அப்பிடியா... சரிக்கா. அப்ப நீ வர வேணாம். நான் பாத்துக்கிறேன்."

பதினேழு வயதுப் பிள்ளை என்னிடம் சொல்கிறாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று!

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறீர்களா? என்னையே நான் ஆயிரம் முறை கேட்டுவிட்டேன். ஒரு தடவை அந்தப் புத்தகத்தில் பேர் ஏறிவிட்டால் இறங்காது என்று பயந்தேன். அது உண்மைதான், எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது மட்டும்தானா? கூடப் படித்தவர்களிடம் மாத்தளை டவுனில் அப்பாவுக்குக் கடை இருக்கிறது என்று அளந்துவிட்டிருந்தேனே... அந்தக் கடைக்காரர் மகள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவாளா? என் ஏழு தலைமுறை ஏறிய மலைக்கு நான் ஏற மறுத்தேன். எனக்குப் பதிலாக என் தங்கையை ஏற்றினேன்.

அந்த எட்டு மாதமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் வாடகைக்குத் தங்கியிருந்த போடிங் வீட்டுக்கார அம்மாவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அங்கேயே தங்கினேன். காலையில் எட்டு மணி வரை தூங்கினேன். சனிக்கிழமைகளில் படம் பார்த்தேன். கடற்கரையில் கடலை வாங்கிக் கொறித்தேன். இதைச் சொல்ல நா கூசுகிறது, ஆனாலும் சொல்லவேண்டும்... சந்தோஷமாக இருந்தேன்!

ஸ்டெல்லாவின் கடிதம் மூன்றாவது வாரத்தில் வந்தது. கொப்பித் தாளில், கணிதம் செய்கிற அதே நேர்த்தியான எழுத்தில். "அக்கா, எனக்குப் பேர் போட்டாச்சு. மூணாம் நம்பர் மலை. அட்டைதான் கொஞ்சம் கடிக்குது. வெள்ளத் துணிய கடையில திருப்பிக் குடுத்துட்டு அம்மாவுக்கு மருந்தெண்ணெய் வாங்கியாச்சு. நீ ஒரு நாள்கூட லீவு போடாம படி."

அதைப் படித்துவிட்டு அழுதேன் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. நிம்மதியாக இருந்தது. மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்கினேன்.

அம்மா தேறவில்லை. நான் பட்டம் வாங்கிய அடுத்த வருடம் போய்விட்டாள். சாகிறவரை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், "எம் மூத்தவ ஒரு நாளும் லீவு எடுக்காம படிச்சவ" என்று. ஸ்டெல்லாவுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம், அடுத்த வருடம் ஜெனி. கணவன் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு தடவை வருவான். ஸ்டெல்லா இன்றும் அதே காம்பராவில்தான் இருக்கிறாள். அவளது பேர் இன்றும் அதே செக்ரோலில்தான் இருக்கிறது.

போன வருடம் ஒரு கல்வி விழாவில், பெரிய பதவியிலிருக்கும் ஒருவர் பேசினார். நாடே இலவசமாகக் கல்வி கொடுக்கிறது, தோட்டத்துப் பெற்றோருக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை, பிள்ளைகளை இடையில் நிறுத்திவிடுகிறார்கள் என்றார். என் உடம்பு பற்றி எரிந்தது! ஐயா, யார் நிறுத்தியது? கூரைக்கு ஈடாகப் பிள்ளையின் பேரைக் கேட்பது யார்? மாதக்கணக்காக வாயிலைப் பூட்டிவிட்டு, ஒரு வருடப் படிப்பை இரண்டு வருடமாக இழுத்தடிப்பது யார்? அந்தக் காலம் முழுவதும் பிள்ளை எங்கே தங்கும், எதைச் சாப்பிடும், வீட்டில் யார் அதற்காகப் பட்டினி கிடப்பார்கள் என்று என்றைக்காவது கேட்டீர்களா? இலவசம், இலவசம் என்று வாய் கூசாமல் சொல்கிறீர்களே!

எழுந்து நின்று இதையெல்லாம் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அவர் முடித்ததும் கைதட்டினேன். அடுத்ததாக நான் பேசவேண்டியிருந்தது. வழக்கமான என் "ஒரு சதமும் தேவையில்லை" பேச்சைப் பேசிவிட்டு இறங்கினேன்.

அவர்மேல் எனக்கு வந்த கோபம் நியாயமானது. இன்றும் தணியவில்லை, தணியவும் கூடாது. ஆனால் அந்த வாயிலை யார் பூட்டியிருந்தாலும், அது திறந்திருக்கிறது என்று சொன்னது என் நாக்குத்தானே?

அந்த விழா முடிந்து சில வாரங்களில் ஜெனிக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்தது. விஞ்ஞானப் பிரிவு. தாய்க்குக் கிடைக்காதது. ஸ்டெல்லா அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அலுவிகாரையிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். மூன்று அறை வீடு, நான் மட்டும்தான் இருக்கிறேன். வந்து என்னோடு இரு, அந்தச் செக்ரோலும் வேண்டாம் காம்பராவும் வேண்டாம் என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை. தினமும் அவள் முகத்தைப் பார்க்கவேண்டி வருமே!

நாற்காலியின் நுனியில் அமர்ந்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் கடிதத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, உள்ளத உள்ளபடி சொல்லு. இலவசம்ங்கிறாங்க. ஆனா முழுசா என்ன செலவாகும்?"

சொன்னேன். போடிங், சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி, லெப்டொப், பகிடிவதை செய்கிற சீனியர்மார் முதல் வருடத்துக்கு உடுக்கச் சொல்லும் உடுப்பு, உதவிப்பணம் கைக்கு வரும்வரை ஓட்டவேண்டிய மாதங்கள்... அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். இரண்டு கையும் போதவில்லை.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவள் மடக்கிய விரல்களைப் பார்த்துச் சிரித்தாள். "இவ்வளவா! ஒன்னய படிக்க வைக்க நமக்கு இவ்வளவு ஆகலயேக்கா. ஒன்னய சும்மாதானே படிக்க வச்சோம்!"

நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டேன்.

ஜெனி போனாள். முதல் அரையாண்டு முடிவதற்குள் வேலைநிறுத்தம். வாயிலைப் பூட்டினார்கள். பூட்டிய அன்றே அவள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த நாளே, முழங்கால் வீங்கிப்போயிருந்த தாயோடு மலைக்கு ஏறி, பேர் பதியாமல் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தாள். கடைக்காரர் மகள் என்று யாரிடமும் அளந்துவிட்டவள் அல்ல அவள். இரண்டு மாதமாகியும் வாயில் திறக்கவில்லை. கங்காணி சும்மா இருப்பாரா? "பேரையும் பதிஞ்சிரும்மா, அம்மாவுக்கு ஓய்வு குடுக்கலாம்" என்றிருக்கிறார். ஸ்டெல்லா கொழுந்துப் பையைக் கீழே போட்டுவிட்டுச் சத்தம் போட்டாளாம். "எம் புள்ள பேரு அந்தப் பொஸ்தகத்துல ஏறாது! நான் செத்தாலும் ஏறாது!" என்று. பொறுமையே உருவான என் தங்கை...

இதைக் கேள்விப்பட்ட ஞாயிறு, பூசை முடிந்ததும் புறப்பட்டேன். இம்முறை சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். சொல்லிவிட்டு, காலில் விழுந்து, என்னோடு வந்து இரு என்று கூட்டிவருவது. வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா அடுப்பருகே அமர்ந்து தேங்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஜெனி வாசற்படியில் அமர்ந்து காலில் அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"பெரியம்மா, ஒங்க காலத்துலயும் இப்பிடி மாசக்கணக்கா மூடுவாங்களா?"

வாயைத் திறந்தேன். இதோ, கடவுளே கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். மாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெரியம்மா காலத்துல மூடலடி. ரேடியோவுல சொன்னதெல்லாம் வேற கெம்பஸ்."

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சந்திக் கடையில் கேட்ட வார்த்தையை, ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறாள்! நம்பித்தான் வைத்திருக்கிறாளா? இல்லை, அன்றே தெரிந்துகொண்டும் எனக்காக வைத்திருக்கிறாளா? அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இல்லியாக்கா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

ஸ்டெல்லா மாவைத் தட்டிக் கல்லில் போட்டாள். வெந்த முதல் ரொட்டியை, எப்போதும் போல, என் தட்டில்தான் வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன்.